தகப்பனின் இடத்தில் போட்ட கையெழுத்து

அந்தக் கையெழுத்தைப் போட்டது நீங்கள். தகப்பன் இல்லை, தாய் இல்லை, நான் இல்லை. நீங்கள். போட்டுவிட்டு, நான் கேட்டபோது பூசைக்கு வந்த சனத்தின் முன்னால் "நான் இல்லை" என்றீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குச் சபையின் செயலாளர் நீங்கள். சனம் கூப்பிடுவது பேப்பர் அண்ணை என்று. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு இருப்பீர்கள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற ஆள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற ஆள், வேலை ஒப்பந்தம் விளங்காத ஆள், எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பாதிப் பேருக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. நீங்கள் நிரப்பிக் கொடுப்பீர்கள். கையெழுத்துப் போட வேண்டிய மனிசன் வேலையில் நின்றால் அதையும் நீங்களே போடுவீர்கள். "ஒரு கோடுதானே, விடு" என்பீர்கள். பெயரின் கடைசி எழுத்தை இழுத்து, பின்பக்கமாக மடித்து, ஒரு வால் வைப்பீர்கள். யாருடைய பெயரை எழுதினாலும் அந்த வாலை உங்களால் விட முடியாது.

எனக்கு அந்த வாலை நன்றாகத் தெரியும். பதினாறு வயதில் மன்னாரிலிருந்து வந்த என்னை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த படிவத்தில் என் அப்பாவின் பெயர் அந்த வாலோடுதான் இருக்கிறது. அப்பா அன்று ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றார். அதை உதவி என்று நினைத்தேன். உதவிதான். அதை மறைக்கப் போவதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கதைக்கிற உளவியலாளராக வர விரும்பினேன். பிள்ளைகள் மேல் உள்ள அன்பால் இல்லை. படி கழுவி வெறுத்துப் போயிருந்தேன். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள கட்டடங்களில் அம்மாவும் நானும் விடியக் காலையில் படி கழுவினோம். கழுவி முடிக்க முதலே சப்பாத்தோடு இறங்குகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து, கதிரையில் உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை வேண்டும் என்று முடிவெடுத்தேன். இந்த வேலையில் கதிரை இருந்தது. அவ்வளவுதான். வேலையின் மேல் விருப்பம் பிறகு வந்தது.

அந்தக் கதிரைக்கு என்ன தேவை என்று என்னிடம் கேட்கிற தாய்மார் இருக்கிறார்கள். ஐந்து வருடப் பல்கலைக்கழகப் படிப்பு. படி கழுவிக்கொண்டு படிப்பதால் எனக்கு இது எட்டாவது வருடம். அதற்குள் எழுநூற்றைம்பது மணித்தியாலப் பயிற்சி. எத்தனை மணிக்கு வந்தாய், எத்தனை மணிக்குப் போனாய் என்று ஒரு புத்தகத்தில் எழுதி, மேற்பார்க்கிற உளவியலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை. அதில் தேறினால்தான் ஆல்போ என்கிற பதிவேட்டில் பெயர் ஏறும். அதில் பெயர் இல்லாதவர் பிள்ளையின் முன்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியாது. இவ்வளவையும் பல்கலைக்கழகக் கையேட்டில் போட்டிருக்கிறார்கள். தெரிந்த ஆள் செய்த பொய்யைக் கண்டால் அந்த நிமிடமே வாய் திறக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதிதான். அது எனக்கு இருக்கவில்லை.

பயிற்சிக்கு பிரான்காச்சோ பகுதியில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. வியாழக்கிழமைகளில், உடைந்த கணினிகள் அடுக்கிய ஒரு சின்ன அறையில் பிள்ளைகளைச் சந்திப்போம். என்னை மேற்பார்த்தவ பலெர்மோக்காரி. பத்து நிமிடம் பிந்தி வந்தால் புத்தகத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து எழுதுவா. பாசம் காட்டுகிற ஆள் இல்லை, ஒழுங்கான ஆள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கலாம், கேட்டால் மட்டும் கதைக்கலாம். தமிழ்க் குடும்பங்களிடம் படிவம் கொடுத்து வாங்குவது என் பொறுப்பு.

அந்தப் படிவந்தான் எல்லாம். பதினெட்டு வயதாகாத பிள்ளை அந்த அறைக்குள் வருவதென்றால் தாய், தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கதவு திறக்காது.

எங்கள் சனத்தின் பிள்ளை ஒருத்தி வந்தாள். பதினைந்து வயது. என்ன சொல்ல வந்தாள் என்பதை நான் எழுத மாட்டேன். நீங்களும் எத்தனையோ முறை கேட்டுவிட்டீர்கள். சொல்ல மாட்டேன். படிவத்தைக் கொடுத்துவிட்டேன். ஒரு கிழமை கழித்து பஸ் நிறுத்தத்தில் வைத்துத் தாய் அதைத் திருப்பித் தந்தா.

"இரண்டு பேரும் போட்டாச்சோ அக்கா?"

"ஓம் ஓம். அண்ணை எல்லாம் நிரப்பித் தந்தவர்."

விரித்துப் பார்த்தேன். தகப்பனின் பெயர். கடைசி எழுத்தில் வால்.

கண்டேன். கண்டும் மடித்துப் பைக்குள் வைத்தேன். எங்களுக்குள் எல்லாப் பேப்பரும் இப்படித்தானே போகிறது என்று நினைத்தேன். என்னையே இப்படித்தானே சேர்த்தார்கள் என்று நினைத்தேன். தகப்பனுக்கு ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் முடிந்திருக்கும். எடுக்கவில்லை. இது என் குற்றம்.

அந்தப் பிள்ளை நான்கு வியாழன் வந்தாள். ஐந்தாவது வியாழன் தகப்பன் வந்தார். வகுப்பில் யாரோ அவளை விசர் டொக்டரிடம் போகிறவள் என்று நக்கலடித்து, அது சுற்றிச் சுற்றி அவரின் காதுக்குப் போயிருக்கிறது. நடைவழியில் நின்று கத்தினார். தான் மூன்று மாதமாக ஒரு வயதான இத்தாலியன் சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி வேலை செய்வதாகவும், பெண்சாதியோடு கதை பேச்சு இல்லை என்றும், இப்படி ஒரு தாளைக் கண்ணாலும் காணவில்லை என்றும் அவரே எல்லாருக்கும் சொன்னார். என்னைப் பார்த்து, "என்ரை பிள்ளையை விசரி ஆக்க என்ரை பேரைக் களவெடுத்தனியோ?" என்றார்.

அந்த மனிசன் நல்ல தகப்பன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவரின் பெயரை ஒருவர் களவெடுத்தது உண்மை.

மேற்பார்க்கிறவ படிவத்தை என் முன்னால் வைத்து, இதை வாங்கி வந்தது நீதானே என்று கேட்டா. ஓம் என்றேன். தகப்பன் கையெழுத்திட்டதைப் பார்த்தாயா என்றா. இல்லை என்றேன். அவ என் புத்தகத்தை மூடினா. முடிந்த மணித்தியாலங்களுக்கு இனிச் சான்று தர முடியாது என்றா. "நீ போட்டிருந்தால் இது கள்ளக் கையெழுத்து, உன் பெயர் ஒருநாளும் ஆல்போவில் ஏறாது. வேறு ஆள் போட்டிருந்தால் அந்த ஆள் வந்து எழுதித் தரட்டும். அப்போது உன் பிழை கவனக்குறைவு மட்டும். பயிற்சியைத் திரும்பச் செய்யலாம்." பல்கலைக்கழகக் குழு அடுத்த மாதம் கூடி முடிவெடுக்கும் என்றும் சொன்னா.

ஆக, உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது ஒரு வரி. அதற்காகத்தான் அந்த ஞாயிறு மண்டபத்துக்கு வந்தேன்.

வரிசையில் நின்ற ஒருத்தன், "விசர் டொக்டர் வந்திட்டா, எல்லாரும் மண்டையைக் கழட்டி மேசையிலை வையுங்கோ" என்றான். சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

"அண்ணை, அந்தப் பள்ளிக்கூட ஃபோமிலை தகப்பன்ரை சைன் ஆர் வைச்சது?" என்றேன்.

"எந்த ஃபோம்?"

"உங்கடை வால் கிடக்குது அண்ணை."

"எனக்கு வால் இல்லைப் பிள்ளை, வேணுமெண்டால் பின்னாலை வந்து பார்." திரும்பவும் சிரிப்பு. பிறகு குரலை இறக்கினீர்கள். "இஞ்சை பார். நான் ஒண்டு ஒப்புக்கொண்டால், நான் தொட்ட எல்லாப் பேப்பரையும் குவெஸ்தூராப் பொலிஸ் கிண்டும். இந்தச் சனம் முழுக்க நடுரோட்டிலை நிக்கும். உன்னொராளின்ரை படிப்புக்காகவோ?"

பிறகு எல்லாருக்கும் கேட்க, "நான் ஒண்டும் தொடேல்லை. படிச்ச பிள்ளையளுக்குப் பழி போட ஒரு ஆள் வேணும்" என்றீர்கள்.

அந்தத் தாய் வரிசையில் மூன்றாவதாக நின்றா. நான் அவவைப் பார்த்தேன். அவ நிலத்தைப் பார்த்தா. அவவின் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற கோப்பு உங்கள் மேசையில், உங்கள் முழங்கைக்குக் கீழே கிடந்தது. நீங்கள் முழங்கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவ வாய் திறப்பா என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "கோயில் மண்டபத்திலை ஏன் சண்டை, போ பிள்ளை" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி சொன்னா. என் ஞானஸ்நானத் தாய் அவ.

நான் செய்த கேவலத்தையும் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை வியா மக்வேதாவில் சனத்துக்குள் அந்தப் பிள்ளை என்னைக் கண்டு ஓடி வந்தாள். "அக்கா, ஜொவெதி ஏன் வரேல்லை? நான் கதவடியிலை நிண்டனான்." ஜொவெதி என்றால் வியாழன். இரண்டு வியாழன் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அவளுக்கு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

"உன்ரை அப்பாவைக் கேள்," என்றேன். "உன்னாலைதான் என்ரை படிப்புப் போனது."

பதினைந்து வயதுப் பிள்ளையிடம், எட்டு வருடம் உளவியல் படித்த நான் இதைச் சொன்னேன். அவள் அழவில்லை. "ஸ்கூசி" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு வசனத்துக்காகவே என்னை அந்தக் கதிரையில் இருத்தக் கூடாது என்று யாராவது சொன்னால், மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

குழுவுக்கு என் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். வாலைக் கண்டேன், யாருடையது என்று தெரிந்தது, தெரிந்தும் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. பயத்தால் இல்லை. அந்தப் பெயரை நீங்களே எழுத வேண்டும். ஒரு பெயரையாவது அதற்குரிய ஆள் தன் கையால் எழுதட்டும்.

என் பிழைக்கு வருகிற தண்டனையை நான் எடுக்கிறேன். உங்களுடையதை எடுக்க மாட்டேன். சனம் நடுரோட்டில் நிற்கும் என்கிறீர்கள். அந்தச் சனத்திடம், அவர்களின் பேப்பரில் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒருநாளாவது சொன்னீர்களா? அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவர்களுக்குப் பின்னால் ஒளித்து நிற்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கும் பின்னால் ஒளித்து நிற்கிறீர்கள்.

எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்க வேண்டாம். பங்குச் சுவாமியாரைச் சமாதானம் பேச அனுப்ப வேண்டாம். வருகிற ஞாயிறு பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்க மைக்கைப் பிடிப்பீர்கள். சனம் எழும்ப முதல், அந்தத் தாயும் தகப்பனும் நானும் கேட்க, அந்த மைக்கில் பதில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் படிவத்தில் தகப்பனின் பெயரை எழுதியது யார்?