கடைசிப் பங்கின் காரம்

விரல்கள் சுருட்டின் நுனியிலிருந்து அடிவரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தன. எங்கும் பள்ளமில்லை, கட்டியில்லை. மேலிலை நல்ல கரும்பழுப்பு. எண்ணெய் தடவினதுபோல் ஒரு மினுமினுப்பு. கத்தரி ஒரே வெட்டில் தலையை எடுத்தது. பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். காற்று தடையில்லாமல் வந்தது. மரச்சீவல் ஒன்றில் நெருப்பெடுத்து, நுனியில் படாமல் தள்ளிப் பிடித்துச் சுருட்டைச் சுழற்றினாள்.

இது மூன்றாவது சுருட்டு. முதல் இரண்டும் கடைசிப் பங்கில் காலை வாரிவிட்டிருந்தன.

தொழிற்சாலையில் அவளுக்கு நாக்கக்கா என்று பெயர். பத்தொன்பது வயதில் புகையிலை பிரிக்கும் கூடத்தில் சேர்ந்தவள். சுவை பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. கழித்துப்போட்ட சுருட்டுகளைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடி இழுத்து, வறுத்த காப்பி, ஈர மரம், மிளகு, கருகிய சர்க்கரை என்று தோன்றியதையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பாள். புகையை உள்ளே இறக்குவதில்லை. வாயில் உருட்டி, கொஞ்சத்தை மூக்கு வழியே விடுவாள். பதினோரு நோட்டு நிறைந்த பிறகுதான் மேனேஜர் இந்தச் சின்ன அறையைக் கொடுத்தார். நாக்கு கெடக் கூடாதென்று வீட்டுச் சமையலிலும் உப்பு பாதிதான். "உன்னைக் கட்டிக்கிட்டதுல ஒரே லாபம், என் பிரஷர் இறங்கினதுதான்" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

அறைக்கென்று விதிகள் உண்டு. ஒரே குவியலின் இலையில் சுற்றிய சுருட்டுகள் மூன்றை, வேறுவேறு பெட்டியிலிருந்து எடுத்து, தாள் வளையத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று பங்காகப் பிரித்து மதிப்பிட வேண்டும். நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. கடைசிச் சாம்பல் ஆறும்வரை அவள் நாற்காலியை விட்டு எழக் கூடாது, வேறு யாரும் உள்ளே வரவும் கூடாது.

ஜன்னலுக்குக் கீழே லாரி நின்றது. முந்நூறு பெட்டி. பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்; அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் தம்பி வந்தான். இலையைக் குவித்துப் புழுங்க வைக்கும் அறைக்கு அவன்தான் பொறுப்பு. பதவிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"என்னக்கா, இன்னும் ஊதிக்கிட்டே இருக்கே? கீழே டிரைவர் கொட்டாவி விட்டே செத்துடுவான் போல."

"வாயை மூடிட்டு நில்லு. நடுப்பங்கு போயிட்டிருக்கு."

நடுப்பங்கு நன்றாகவே போனது. கருகிய சர்க்கரை, பின்னாலேயே காப்பி. சாம்பல் உதிராமல் வெளுப்பாக நின்றது. முதல் இரண்டு மட்டும் தவறிப்போனவையாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது நெருப்பு கடைசிப் பங்குக்குள் இறங்கியது. கழிப்பறை கழுவும் மருந்தைத் திறந்ததுபோல மூக்குக்குள் சுருக்கென்று ஏறியது. அடிநாக்கில் கசப்பு.

"இலை வேகலைடா."

தம்பியின் சிரிப்பு நின்றது. "போன வாரம் உனக்குச் சளி. மறந்துட்டியா?"

உண்மைதான், நான்கு நாள் மூக்கடைத்துக் கிடந்தாள். மூக்கு இன்னும் திரும்பவில்லை என்றால், நல்ல சரக்கையும் கூடப் பிறந்தவனையும் சேர்த்துக் கெடுத்தவளாகிவிடுவாள். எரியும் சுருட்டை நீட்டினாள்.

"இந்தா, நீ இழு."

"எனக்கெதுக்கு?"

"இழுடா."

இழுத்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். ஆனால் அவசரமாகத் தட்டில் வைத்துவிட்டான். கண்ணோரம் சிவந்திருந்தது.

"இன்னொரு தடவை."

அவன் கை நீளவில்லை.

"கடைசியா எப்ப குவியலைப் புரட்டினே?"

"கறுப்பு ஏறிடுச்சுக்கா. பிரிச்சுப் பார்த்தேன், பளபளன்னு இருந்துச்சு. அஞ்சாவது தடவை புரட்ட எட்டு ஆள் வேணும். அன்னிக்கு மூணு பேர்தான் வந்தாங்க."

"நிறம் வந்தா வெந்துடுச்சுன்னு அர்த்தமா? நடுவுல இருந்ததுதான் சூடு பட்டிருக்கும். ஓரத்துல இருந்தது வெறுமனே கறுத்திருக்கு."

அவன் மேசைமேல் குனிந்தான். "சரி, நாலு மாசம் கிடங்குல போடச் சொல்லி எழுது. காரம் தானா அடங்கிடும். புரட்டலைன்னு மட்டும் எழுதிடாதக்கா. திரும்பவும் மூட்டை தூக்க அனுப்பிடுவாங்க."

"அந்தக் குவியல்ல பாதி இலை இன்னும் மிச்சம் இருக்கு. நாளைக்கு அதைத்தான் சுத்தப்போறாங்க."

"அதை நான் பார்த்துக்கறேன்."

"யாருக்கும் தெரியாம எட்டு ஆளை எங்கேருந்துடா பிடிப்பே?"

அவன் மேசையைச் சுற்றி அவள் பின்னால் வந்து நின்றான்.

அவள் பேனாவை எடுத்தாள். தம்பியின் மூச்சு தோளில் பட்டுக்கொண்டிருந்தது. மூன்று சுருட்டுக்கும் முதல் பங்கு நன்று, நடுப்பங்கு மிக நன்று, கடைசிப் பங்கு தள்ளுபடி. குவியல் எண் பதினேழு. காரணம் என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினாள்: ஐந்தாம் முறை புரட்டவில்லை. மிச்ச இலையை மறுபடி குவிக்கவும். பெட்டிகள் நான்கு மாதம் கிடங்கில் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும்போதே வெளியே செருப்புச் சத்தம். கதவு பாதி திறந்தது. சாம்பல் ஆறாத அறைக்குள் மேனேஜரும் கால் வைப்பதில்லை.

"முடிஞ்சுதாம்மா? லாரி நிக்குது."

தட்டில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அவள் எழ முடியாது. மேசைக்கும் கதவுக்கும் ஆறு தப்படி. தாளைத் தம்பியிடம் நீட்டினாள்.

"கொண்டு போய்க் கொடு."

அவன் வாங்கிப் படித்தான். கட்டைவிரல் அழுத்தித் தாளின் ஓரம் மடங்கியது. கிழித்தால், அதே காரணத்தை இரண்டாம் முறை எழுத அவளுக்குக் கை வராது. அது அவனுக்கும் தெரியும். அவள் கையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"நீ எங்கேப்பா இங்கே? உள்ளே வரக் கூடாதே" என்றபடி மேனேஜர் கையை நீட்டினார்.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்து போனான். மடங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டான்.

"காரணம் எழுதியிருக்கு பாருங்க, அதை முதல்ல படிங்க சார்" என்று தாளை அவர் கையில் கொடுத்தான்.