ராஜாமணி போட்ட மனு

போன ஞாயிறு பாபநாசம் பக்கம் என் மச்சான் ரவி வீட்டுக்குப் போயிருந்தேன். மனைவியின் அண்ணன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பகலில் விவசாயம். சாயந்திரம் நாவல் எழுதுகிறார்.

எழுதுகிறார் என்றா சொன்னேன்? மன்னிக்கவும். எழுதத் தயாராகிறார்... சில வருஷங்களாக!

மாடி ரூமைக் காட்டினார். வரிசையாக மை பேனாக்கள். மையில் காலை நீலம் வேறு, சாயந்திர நீலம் வேறாம். பழைய டைப்ரைட்டர் மாதிரி சத்தம் போடும் கீபோர்டு. வெளிச்சத்தம் கேட்காமலிருக்க ஹெட்போன். கதை நடக்கும் கற்பனை ஊருக்கு ஒரு மேப் — வயல்களுக்கு சர்வே நம்பரோடு!

"இது என்ன மச்சான், மஞ்சள் தடவி வெச்சிருக்கீங்க?"

"கதாநாயகி ராஜாமணியோட ஜாதகம் மாப்ள. கேரக்டர்னா ஒரு ஆழம் வேணும்ல?"

காபியோடு வந்த அவர் மனைவி கவிதா சிரித்துவிட்டார். "ஜாதகம் எழுதின ஜோசியர் என்னை எங்க பார்த்தாலும், 'அந்த ராஜாமணி அம்மா உடம்பு இப்ப தேவலையா?'ன்னு விசாரிக்கிறாருண்ணே. எல்லாம் ரெடி. நாவல்தான் இன்னும் ஒரு வரிகூட வரலை."

நானும் கிண்டலுக்குத் தயாரானேன். அதற்குள் கவிதா, போன மாசம் நடந்ததைச் சொன்னார்.

ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் ஊருக்கு வரும் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டுவிட்டது. சம்பாவுக்கு விட்ட நாற்று பழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு மனு கொடுத்தும் பதிலில்லை. ஊர்க்காரர்கள் மச்சானிடம் வந்தார்கள்.

"நீங்க நாவல் எழுதுறவராச்சே... உறைக்கிற மாதிரி ஒரு மனு எழுதிக் குடுங்க."

மச்சான் மாடியேறினார். பேனா, மை, ஹெட்போன் — எல்லாவற்றுக்கும் வேலை வந்தது.

மனு என்றால் 'ஐயா, வணக்கம்' என்றுதானே ஆரம்பிக்கும்? இது, 'விடிந்தபோது ராஜாமணி, வெடித்துக் கிடந்த நாற்றங்காலின் நடுவே நின்றிருந்தாள்' என்று ஆரம்பித்தது. ராஜாமணி புருஷனை இழந்தவள். தனியாளாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவள். பக்கம் பக்கமாகப் போகிறது.

ஊரே கையெழுத்துப் போட்டது. ஒருத்தரும் படிக்கவில்லை. நாம் எதைத்தான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்?

சில நாளில் பாசன இன்ஜினீயரே ஜீப்பில் வந்து இறங்கினார். சின்ன வயசுப் பெண். வந்ததும் முதல் கேள்வி:

"ராஜாமணி அம்மா யாருங்க? புருஷன் இல்லாம தனியாப் பயிர் பண்றாங்களாமே, அவங்களைத்தான் முதல்ல பார்க்கணும்."

மச்சானுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. கற்பனை என்று சொன்னால் மனுவே பொய்யாகிவிடும். அப்புறம் தண்ணீர் எங்கே வரும்?

கூட்டத்திலிருந்து வசந்தா அக்கா முன்னால் வந்தார்.

"நான்தாங்க ராஜாமணி. வாங்க, என் நாத்தங்காலைப் பாருங்க."

பார்த்தார்கள். வெடிப்பில் கையை விட்டுக் காட்டினார் வசந்தா அக்கா. மணிக்கட்டு வரை இறங்கியது. "இது கருகிப்போச்சுன்னா மறுபடி விதை விட எனக்குத் தெம்பில்லைங்க." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பெயர்தான் பொய். நாற்று நிஜம், அழுகை நிஜம்.

இன்ஜினீயர் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, பின்னாலேயே வந்துகொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். "இவர் யாரு?"

வசந்தா அக்காவின் வீட்டுக்காரர் கோவிந்தன். மனுப்படி செத்துப்போனவர்!

"தம்பிங்க," என்றார் வசந்தா அக்கா, சட்டென்று.

கோவிந்தன் கும்பிட்டார். "ஆமாங்க... அக்கா ரொம்பக் கஷ்டப்படுது."

மறுநாளே பொக்லைன் வந்தது. அடைப்பை எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர். கரையில் நின்று மச்சான் தேம்பி அழுதாராம்.

"தண்ணி வந்த சந்தோஷமா மச்சான்?" என்று கேட்டேன்.

"அதுவுந்தான்..." என்று இழுத்தார். "நான் எழுதினதை ஒருத்தங்க கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்களே மாப்ள!"

எனக்குக் கிண்டல் மறந்துவிட்டது. தயாராகிக்கொண்டே இருப்பது ஒரு சுகம் — எழுதாததை யாரும் நன்றாயில்லை என்று சொல்ல முடியாதே! நாற்று கருகும்போது அப்படிப் பயந்துகொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. அவ்வளவுதான்.

"அப்ப நாவலை ஆரம்பிச்சுட வேண்டியதுதானே?"

"எங்க மாப்ள... கீழ பக்கத்து ஊர்க்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. ரோடு வேணுமாம்."

எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரே தகராறு... விதவையாக யார் நிற்பது என்று!