அப்பா கெடுத்த துலா

எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றமரமான துலாவை அப்பா கெடுத்து வைத்தது, ஊர் இன்னும் திரு-கொச்சி மாநிலத்தோடு இருந்த காலத்தில். அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முந்தின பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கோரினதுதான் காரணம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் கிணற்றடியைப் பார்த்தாலே எங்களுக்குப் பயம். பயந்தால் மட்டும் தண்ணீர் அடுக்களைக்கு வந்துவிடுமா? அத்தைக்கு முட்டுவலி, எனக்குத் தெம்பு போதாது. ஆண்பிள்ளை வீட்டுக்குத் தண்ணீர் கோருவதோ எங்கள் பக்கம் மீசையை மழித்துக்கொள்வதைவிடக் கேவலம். அப்பாவின் அக்காவான அத்தை இந்த விஷயத்தில் ஊரைவிடக் கண்டிப்பு.

"பொண்டாட்டிதாசன்னு பேரு வாங்கப் போறியாலே?" என்று, வாளியை எடுக்கப்போன அப்பாவிடம் அவள் கேட்டாள். மறுநாள் அப்பா ஏணி வைத்து ஏறி, துலாவின் பின்பக்கம் பாரத்துக்குக் கட்டியிருந்த கல்லை வால்நுனிவரை தள்ளிக் கட்டினார்.

"இனி நெறஞ்ச வாளி தானா மேல வந்துரும்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

மேலே வருவதற்கு வாளி முதலில் கீழே போக வேண்டுமே! அத்தை கயிற்றை இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். நான் எம்பித் தொங்கினேன். துலா அசையவில்லை, நான்தான் ஊஞ்சலாடினேன்.

"ஏலே, கெடுத்துப் போட்டியே! இத யாருலே இழுப்பா? நீயே கோரித் தொலை!" என்று அத்தை கத்தினாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு கோரினார். அன்றிலிருந்து தினமும் அவர்தான். வழியே போகிறவர்கள் நின்று பார்த்தால், "துலா பாழாப் போச்சு" என்று அத்தையே முந்திக்கொள்வாள். கல்லைப் பழையபடி மாற்றச் சொன்னால், முடிச்சு மழையில் நனைந்து இறுகிவிட்டது என்பார் அப்பா. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தம்பி பிறந்து, அம்மா நன்றாகத் தேறி நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் அப்பா ஏணியில் ஏறினார். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் முடிச்சு அவிழ்ந்தது, கல் பழைய இடத்துக்கு வந்தது. மழையில் நனைந்த கயிறு வெயிலில் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டொரு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சார் நெம்புகோல் பாடம் எடுத்தார். எடை அதேதான், ஆனால் தாங்குமிடத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக அதன் திருப்புத்திறன் கூடும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். அசல் எங்கள் துலாவேதான். சாயங்காலம் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, அன்னைக்குக் கல்ல ஒரு முழம் உள்ள தள்ளிக் கெட்டியிருந்தா போதும். அம்மாவே கோரியிருப்பா. ஒங்களுக்கு அது தெரியாமப் போச்சே!"

அப்பா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அப்பிடியா மக்கா? படிச்சவங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்" என்றார்.

அடுக்களை வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மா சிரிக்கத் தொடங்கினாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு முழக் கணக்குகூடத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டோமே என்றுதான் சிரிக்கிறாள் என்று எண்ணி, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.