தொழுவத்தில் கன்று திறந்துவிட்டவள்

ஒஸ்லோவின் ரொம்மனில் ஒரு தமிழ்ப்பெண் தொப்பி போட்டு, குதிரையேறி, கயிறு வீசி மாடு பிடிக்கிறாளாம் என்று ஸ்டோவ்னர் மரக்கறிக் கடையில் யாரோ யாருக்கோ சொல்ல, கதை வெஸ்ட்லி வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. அதை அருள்நாயகியிடம் கொண்டுவந்தவர் கணவர் இரவீந்திரன்.

“குதிரையை எங்கை கட்டி வைச்சிருக்கிறீர்? பல்கனியிலையோ?”

“ஓம், உங்கடை கார் நிக்கிற இடத்திலை.”

நடந்தது இவ்வளவுதான். 2004 கோடையில், நகரத்தின் வடக்கு ஓரத்தில் தூர்லைஃப் என்பவரின் பாற்பண்ணையில் ஒரு வாரம் வேலை பழகினாள். அவருக்குப் பிடித்தால் நிரந்தரம். அலுவலகத் தரைகளைத் துடைத்தே ஆண்டுகளைக் கழித்தவள், ஒஸ்லோவில் முதன்முறையாக மனதாரக் கேட்டுப் போன வேலை அது.

அவளுடையது மன்னார்ப் பக்கத்து வறண்ட காட்டில் மாட்டுப்பட்டி வைத்திருந்த குடும்பம். ஆவணி வெயிலில் தரை வெடித்தால் தகப்பன் மந்தையைக் குளம் குளமாக ஓட்டிப் போவார். சட்டி பானையோடு தாயும் பிள்ளைகளும் பின்னால். யாருடைய மாடு என்று குறிசுட்ட தழும்பு சொல்லும். இரவில் நரிக்குக் காவல், பகலில் முள்ளும் புழுதியும். பால் கறக்கும் முறை மட்டும் மாறாது: முதலில் கன்று தாயிடம் குடிக்கும், பிறகுதான் மனிதர் கறக்கக் குந்துவார்கள்.

அதுதான் இங்கே கவிழ்த்தது. வாரம் முழுக்க வேலி கட்டுவதும் புல் அள்ளுவதுமாக வெளியில் நின்றவள், கடைசி மாலைதான் தொழுவத்துக்குள் போனாள். தூர்லைஃப் கறவை மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார். அடைப்புக்குள் கன்றுகள் கத்தின. கன்றுகளைத் தாயிடம் விட மனுசன் மறந்துபோனார் என்று நினைத்து அருள்நாயகி கதவைத் திறந்துவிட்டாள். அவர் வந்து பார்க்கையில் கன்றுகளின் வாயெல்லாம் நுரை. இங்கே கன்றுக்கு வாளியில்தான் பால், மடிப்பால் முழுக்க மெஷினுக்கு. அன்று மெஷினுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

தூர்லைஃப் கோபிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, ஞாயிறு போன் எடுத்து முடிவு சொல்வதாகச் சொன்னார்.

ஞாயிறு. இரவீந்திரன் தேத்தண்ணி ஊற்றினார்.

“பட்டிக்காரற்றை மகள் எண்டு அவரிட்டைச் சொன்னனீரோ?”

“சொன்னனான். அதுதான் இன்னும் வெக்கம்.” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “எண்டாலும் அந்தக் கன்றுகள் வாலை ஆட்டி ஆட்டிக் குடிச்ச குடி! வேலை இல்லையெண்டாலும் அதைப் பாத்திட்டன்.”

போன் அடித்தது. திரையில் தூர்லைஃபின் இலக்கம்.

“எடுமன்!”

“என்னாலை ஏலாது, நீங்கள் எடுங்கோ.”

“எனக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்?”

அவள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள், இன்னொரு தரமும் துடைத்தாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.