ஏழாவது வளைவில் வகுப்பு

அந்தப் போனின் கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரு விரிசல் ஓடும். விரிசலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம் உட்கார்ந்துகொண்டு உண்மை என்றால் என்ன, அதை நாம் எப்படி அறிகிறோம் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் என் கண்டக்டர், காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக, ரோட்டோரத் தடுப்புச் சுவரின் மேல் ஏறி நின்று, போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பார். கீழே கோமுகி அணையின் தண்ணீர் தெரியும். பின்னால் என் பஸ்ஸில் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். மலை ரோட்டில் அந்த ஏழாவது வளைவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதற்காக, வாரத்தில் இரண்டு நாள் அங்கே வண்டியை நிறுத்தினேன். இப்படி நிறுத்துவாய் என்று யாராவது என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், போய் வேறு வேலை பாருய்யா என்று சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று வருடம் நிறுத்தினேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் வண்டியில் நானும் அவரும் எட்டு வருடம் ஜோடி. அவர் எனக்குக் கண்டக்டர், நான் அவருக்கு டிரைவர். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே கிடையாது. மலையில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் கண்டக்டர்தான். ப்ளஸ் டூ முடித்து, வரலாறு படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்து, சேர வேண்டிய வாரத்தில் அப்பா போய்விட்டார். வாரிசு வேலை வந்தது. புத்தகத்துக்குப் பதில் டிக்கெட் கட்டு. இருபத்தைந்து வருடம் கழித்து, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று ஏதோ ஒரு கல்லூரி இணைய வழியில் பட்டப்படிப்பு தொடங்கியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரலாறு, சமயம், தத்துவம் மூன்றும் சேர்ந்த படிப்பு. மனுஷன் என்னிடம்கூடச் சொல்லாமல் சேர்ந்துவிட்டார்.

"இந்த வயசுல இது இன்னாத்துக்குய்யா? பிரமோஷன் குடுக்கப் போறாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க டிரைவரே. அன்னிக்கு வாங்கி வச்ச சீட்டு, அது அப்படியே கெடக்குது. போய் குந்தணும்" என்றார்.

அவரோடு வண்டி ஓட்டுவது அதற்குப் பிறகு பெரும் இம்சையாகிவிட்டது. வரலாறு படித்த பருவத்தில் பரவாயில்லை. எந்த ராஜா எந்த ராஜாவை அடித்தான் என்று வடக்கனந்தல் தாண்டும் வரை சொல்லிக்கொண்டு வருவார். நம் மலையைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை டிரைவரே என்று குறைப்படுவார். சமயம் வந்ததும் வண்டியில் சண்டை வந்தது. விறகுக்கட்டோடு ஏறிய அம்மாக்களிடம் உங்கள் சாமிக்கு எதற்குச் செருப்பு பிடிக்காது என்று கேட்டு, ஒரு அம்மா இவரை டிக்கெட்டை மட்டும் கிழிக்கச் சொன்னது. எல்லாவற்றையும்விடக் கொடுமை தத்துவம். நான் வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "டிரைவரே, நீங்க பாக்கிற ரோடு நெசமாவே அங்க இருக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். "போய் பின்னாடி குந்துய்யா, இல்லன்னா ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்" என்றேன். அதையும் போய் அந்த மேடத்திடம் சொல்லியிருக்கிறார். மேடம் நல்ல பதில் என்றார்களாம்.

வகுப்பு சாயங்காலம் ஐந்து மணிக்கு. நாங்கள் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்புவது நான்கு மணிக்கு. ஐந்து மணிக்கு வண்டி சரியாக மலை ஏறிக்கொண்டிருக்கும். வகுப்பைப் பிறகு பதிவில் கேட்டுக்கொள்ளலாம், அது பிரச்சினை இல்லை. ஆனால் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பொத்தான் வரும். அதைத் தொட்டால்தான் வருகை. முக்கால் பங்கு வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் மலை ரோட்டையோ எங்கள் டைம் ஷீட்டையோ கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. ஏழாவது வளைவில் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் நிறுத்துவேன். ஜனங்களும் பழகிவிட்டார்கள். இறங்கி வெற்றிலை போடுவார்கள், ஓரமாகப் போய்விட்டு வருவார்கள். கண்டக்டருக்குப் பள்ளிக்கூடம் என்று சிரிப்பார்கள். அவர் பொத்தானைத் தொட்டுவிட்டு வந்து ஏறி, இரண்டு விசில் கொடுப்பார். நான் வண்டியை எடுப்பேன்.

விசில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கண்டக்டர் விசில் இல்லாமல் வண்டியை நகர்த்தியதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி நகர்த்தி ஒரு ஆள் படியிலிருந்து விழுந்ததை இன்னொரு வண்டியில் பார்த்திருக்கிறேன். அதனால் மந்திரியே வந்து சொன்னாலும் விசில் வரட்டும் என்பேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

மூன்றாவது வருடம் முடிகிற சமயம். மழையில் டவர் படுத்து நிறைய வகுப்புகள் போய்விட்டிருந்தன. அன்று காலையிலேயே சொன்னார்: "இன்னிக்கு ஒண்ணு கெடச்சா பரீட்சை எழுதலாம் டிரைவரே. இது போச்சுன்னா மூணு வருசமும் போச்சு." எனக்கும் படபடப்பாகத்தான் இருந்தது. கச்சிராயப்பாளையத்துக்கு முன்னால் கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்ததில் ஏற்கெனவே பத்து நிமிடம் தாமதம். எப்படியோ விரட்டி ஐந்து மணிக்கு ஏழாவது வளைவைப் பிடித்தேன். அவர் இறங்கி ஓடினார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அன்று பார்த்து வகுப்பு தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. ஐந்து நிமிடம் ஆயிற்று, ஏழு ஆயிற்று. அப்போது ஒரு ஆள் என் பக்கம் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போனவன். கை காலெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறல். வெள்ளிமலைக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்க வேண்டியவன்.

"அண்ணே, வண்டி எடுங்கண்ணே. எங்கப்பா செத்துட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவாங்க. நான் இந்த வண்டியிலதான் வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்" என்றான். கத்தவில்லை. கெஞ்சக்கூட இல்லை. சொன்னான், அவ்வளவுதான்.

நான் ஒரு ஹாரன் அடித்திருந்தால் போதும். கண்டக்டர் திரும்பிப் பார்த்திருப்பார், விஷயம் தெரிந்தால் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். கை ஹாரன் மேல்தான் இருந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் பொத்தான் வந்துவிடும், மூன்று வருடம் வீணாகப் போக வேண்டாம் என்று நினைத்தேன். "விசில் வரணும்பா. ரூலு. இதோ வந்துடுவாரு" என்றேன். அவன் போய் உட்கார்ந்துகொண்டான். பதினொரு நிமிடம் கழித்துத்தான் விசில் வந்தது.

மறுநாள் அந்த ஊர் ஜனங்கள் ஏறியபோது சொன்னார்கள். வண்டி நேரத்துக்கு வராததால், இன்றைக்கு வண்டியே இல்லை போல என்று நினைத்து, இருட்டுவதற்குள் மண் போட்டுவிட்டார்கள். இவன் ஓடிப் போனபோது ஆட்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்களாம். அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்டக்டர் கையில் டிக்கெட் கட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்து டெப்போவுக்குப் புகார் வந்தது. நான் தயாராக இருந்தேன். இன்ஜின் சூடு, தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம் என்று சொல்லிவிடலாம். மலை ரோட்டில் யார் இதைக் கேள்வி கேட்கப் போகிறார்கள்? அவரிடமும் சொல்லி வைத்தேன். தலையை ஆட்டினாரா இல்லையா என்று கவனிக்கவில்லை. மேனேஜர் முன்னால் போய் நின்றதும், "கிளாசுக்காக நிறுத்தினோம் சார். மூணு வருசமா நிறுத்தறோம். நான் சொல்லித்தான் நிறுத்தினாரு" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. படித்துக் கிழித்த உண்மையை என் பிழைப்பில் வந்து காட்டுகிறானே என்று பல்லைக் கடித்தேன்.

மேனேஜர் புகாரைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட வந்து சாவு விஷயத்தைச் சொல்லியிருக்கான். நீங்க இன்னா பண்ணீங்க?"

என் பேரில் ஏற்கெனவே இரண்டு மெமோ இருந்தது. மூன்றாவது வந்தால் வண்டியை என் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள். கண்டக்டர் சொன்னார்: "டிரைவர் ஹாரன் அடிச்சாரு சார். ரெண்டு மூணு வாட்டி அடிச்சாரு. நான்தான் காதுல மாட்டிகினு இருந்தேன், கேக்கல."

மேனேஜர் அப்படியா என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரை மணலூர்பேட்டைப் பக்கம் ஓடும் ஒரு டவுன் வண்டிக்கு மாற்றினார்கள். எனக்கு ஒன்றுமில்லை.

ஹால் டிக்கெட் அவருக்கு வந்தது. அன்றைய வருகை கணக்கில் ஏறி, சரியாக முக்கால் பங்கைத் தாண்டியிருந்தார். பரீட்சை எழுதப் போகவில்லை. அதுமட்டுமா, அந்த ஒரு நாள் வருகையை எடுத்துவிடுங்கள் என்று கல்லூரிக்கே எழுதியிருக்கிறார். ஒருமுறை பதிந்ததை எடுக்க வழியில்லை, உங்களுக்குத் தகுதி இருக்கிறது, தேர்வு எழுதலாம் என்று பதில் வந்ததாம். கேள்விப்பட்டு மணலூர்பேட்டைக்கே போய் டீக்கடையில் பிடித்தேன். கண்டபடி திட்டினேன். செத்தவன் திரும்பி வரப் போகிறானா, நீ எழுதாமல் விட்டதால் யாருக்கு லாபம், மூன்று வருடம் என் வண்டியை நிறுத்தியதற்காவது எழுதித் தொலைத்திருக்கலாமே என்று. டீயை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு நாள் என்னுது இல்ல டிரைவரே. அதை வச்சிகினு எப்படிப் பரீட்சையில குந்துறது?"

"அப்போ எனக்காகச் சொன்னியே பொய், அதுக்கு எந்தப் பாடத்துல இடம் இருக்குது?"

"அது பாடத்துல வரல" என்றார். "உங்களுக்கு ரெண்டு மெமோ இருந்திச்சு."

அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. வண்டி கிளம்ப வேண்டியிருந்தது. அதன் பிறகு நானும் போகவில்லை. போய் என்ன கேட்பது? அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. உண்மை சொல்வதென்றால் முழுக்கச் சொல்ல வேண்டும், மறைப்பதென்றால் முழுக்க மறைக்க வேண்டும். நடுவில் என்னை மட்டும் தூக்கிக் கரையில் வைத்துவிட்டுத் தான் மட்டும் ஆற்றோடு போனால் என்ன அர்த்தம்? அவர் நல்லவராக இருந்துவிட்டுப் போகட்டும். என்னை இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம்.

இப்போதும் அதே வெள்ளிமலை வண்டிதான் ஓட்டுகிறேன். புதுக் கண்டக்டர் வரும் வழியில் தூங்குகிறவன். ஏழாவது வளைவில் நிறுத்துவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை, மலை மேலேயே டவர் போட்டுவிட்டார்கள். எல்லா ஊரிலும் போன் எடுக்கிறது.

கரும்பு வெட்டப் போகும் அந்த ஆளும் மாதத்துக்கு ஒரு முறை என் வண்டியில் ஏறுவான். ஏறினால் பின்னால் போகமாட்டான். இன்ஜின் பக்கத்தில் வந்து நின்றுகொள்வான். வீட்டில் விளைந்த தினையை ஒருமுறை மஞ்சப்பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். எதற்கப்பா இதெல்லாம் என்றேன்.

"டெப்போவுல சொன்னாங்கண்ணே, நீங்க எனக்காக அன்னிக்கு ரெண்டு மூணு வாட்டி ஹாரன் அடிச்சீங்களாம். நான் பக்கத்துலதான் இருந்தேன். அப்பாவையே நெனச்சிகினு இருந்தேனா, என் காதுல விழவே இல்லண்ணே" என்றான்.

பையை வாங்கி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.