வேகக் குழாயில் சந்தனம்

எங்கள் தேங்காய்க் கிடங்கில் இப்போது தேங்காய் இல்லை, விமானம் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். மில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர், வெளிநாட்டிலிருந்து பாகங்களைப் பெட்டியில் வரவழைத்துத் தானே பூட்டியது. பறக்கும் லைசென்ஸ் முன்பே வாங்கிவிட்டார். விமானத்துறை அதிகாரி வந்து சோதித்து அனுமதி தர வேண்டியதுதான் பாக்கி.

அதிகாரி வரும் நாள் இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது. மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் வடகரப்பதியில், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனால் கேலி. "ஏனுங்க, உங்கூட்டுக் கோழி கூடப் பறந்துருச்சு, ஏரோப்ளேன் எப்பங்க பறக்கும்?" என்பார்கள். விமானம் வந்த பெட்டியின் பலகையில்தான் கோழிக்கூடு அடித்திருந்தோம், அந்தக் குத்தல்.

எனக்கு அந்தக் கேலி வலிக்கவில்லை. தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. மாரியம்மன் கோயிலில் மற்றவர்கள் மழை கேட்டார்கள், நான் அந்த அனுமதி வரவே கூடாது என்று கேட்டேன். இந்த வயதில் தகர டப்பாவில் ஏறி வானத்துக்குப் போகிறேன் என்கிற மனுஷனை வைத்துக்கொண்டு வேறு என்ன கேட்பது?

ஒரு வழியாக அதிகாரி வரும் நாள் முடிவானபோது, அதற்கு முந்தின வாரம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குச் சந்தனம் குங்குமம் படாத இரும்பு கிடையாது. மோட்டார், டிராக்டர், களைக்கொத்து, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் நாத்தனார், தம்பியின் விமானத்தை மட்டும் விடுவாரா? கிண்ணத்தோடு வந்து மூக்கு, சக்கரம், இறக்கை என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். பிறகு என் கணவர் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தார்.

அதிகாரி வந்தார். பொறுமையான ஆள். ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தார், இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார். கடைசியாக, இறக்கைக்கு அடியில் பென்சில் போல நீட்டிக்கொண்டிருந்த குழாயில் ஒரு சிரிஞ்சை மாட்டிக் காற்றை மெல்ல அழுத்தினார். விமானத்துக்குள் வேகம் காட்டும் முள் அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயின் துளைக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. விமானத்தின் வேகம் அந்தத் துளை வழியாகத்தான் தெரியுமாம். அது தெரியாமல் மேலே போனால் வேகம் குறைவதே தெரியாமல் கீழே விழலாம் என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார்.

"என்ற தம்பிக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதானுங்க வெச்சேன்" என்றார், சோதனையைப் பார்க்க வந்திருந்த நாத்தனார்.

"உடு அக்கா, சுத்தம் பண்ணிக்கலாம்" என்றார் இவர். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. குழாயைச் சரிசெய்த பிறகு மறுபடி வருகிறேன் என்று அதிகாரி போய்விட்டார்.

அன்று சாயங்காலம் காபி கொண்டு போனேன். விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார். எதையும் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மூடியிருந்த கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டிக்கொண்டது பலித்திருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே கோயிலுக்குப் போய், முன்பு கேட்டதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கிடங்குச் சாவி என் இடுப்பில்தான். பொங்கலன்று நாத்தனார் கிண்ணத்தோடு வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவுக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. கொஞ்ச நாளில் அனுமதியும் வந்தது, ஒரு நிபந்தனையோடு. சோதனைப் பறப்புகள் முடியும்வரை ஓட்டுபவர் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. இதைக் கேட்டு நான் நிம்மதிப்படுவேன் என்று நினைத்திருப்பார் போல, இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப நான் எப்பங்க ஏறுறது?" என்றேன்.

"நீ சாமிகிட்ட என்ன கேட்டயின்னு எனக்குத் தெரியாதா புள்ள" என்றார். பிறகு கிடங்குக்குக் கூட்டிப்போய் விமானத்தின் கதவைத் திறந்து, நிற்கிற விமானத்தில் உட்கார்ந்தால் தப்பில்லை, ஏறு என்றார்.

சேலையைச் செருகிக்கொண்டு ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அதுவரை அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன். நீட்டவும் வேண்டியிருக்கவில்லை, சுருக்கவும் வேண்டியிருக்கவில்லை. என் அளவுக்கு எப்போதோ வைத்திருக்கிறார்.