மாதுவின் நம்பர் என் போனில் அடித்தது

சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடை என்கிற இடத்தில் நான் செல்போன் கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. எத்தனையோ பேருக்கு சிம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு முறை ஆளையே மாற்றிவிட்டேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படித்துச் சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். சிரித்த பிறகு கொஞ்சம் யோசிக்கவும் செய்யலாம்.

1. டப்பாவில் வந்த வாட்ச்

மாது பக்கத்தில் தலைச்சோலை ஊர்க்காரர். எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரம் ஏறி மிளகு பறிப்பவர். மரத்தின் மேலிருந்து இரண்டு போனைப் போட்டு உடைத்தபின், மூன்றாவதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து மரத்தடியில் விட்டுவிடுவார். அது அடித்தால் அணிலுக்குத்தான் கேட்கும்.

போன மிளகு சீசனில் ஒரு டப்பாவோடு கடைக்கு வந்தார். உள்ளே ஸ்மார்ட் வாட்ச். திருப்பூரில் வேலை பார்க்கும் மருமகன் செகண்ட் ஹேண்டில் வாங்கி அனுப்பியிருந்தார்.

"அக்கா, இதுல என் நம்பர் அடிக்கணுங்க. மரத்து மேல இருந்தாலும் எனக்குத் தெரியணுங்க."

"அப்படி என்னங்க அவசரம்?"

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுடையது சுலபத்தில் கிடைக்காத ரத்த வகை. அதே வகை அப்பாவுக்கு இருந்தது. வலி கண்டதும் அவரும் கூடவே சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தேதிக்கு இன்னும் பதினஞ்சு நாள் கெடக்குதுங்க. அதுவரைக்கும் ஊட்ல உக்காந்தா சீசன் போயிருமுங்க்கா."

வாட்சைத் திருப்பிப் பார்த்தேன். சிம் போட இடமே இல்லை, உள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். கஸ்டமர் கேரில் கேட்டேன். போன் நம்பரே வாட்சிலும் அடிக்க வேண்டுமானால் போஸ்ட்பெய்டு பிளான் வேண்டும், ஜோடி சேர்க்க ஒரு நல்ல ஸ்மார்ட்போனும் வேண்டும் என்றார்கள். மாதுவிடம் இருந்தது பட்டன் போன். போடுவது இருப்பதிலேயே மலிவான ப்ரீபெய்டு ரீசார்ஜ்.

அங்கேயே முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் என் வாயில் வராது. அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. அவசரத்தில் ஒரு அமுக்கு

என் போனோடு வாட்சை ஜோடி சேர்த்து, மாதுவின் நம்பரை மொத்தமாக இ-சிம் ஆக்கி வாட்சுக்குள் ஏற்றிவிடுவது என் திட்டம். கியூஆர் கோடும் வந்துவிட்டது. அதை வாட்சின் ஆப் வழியாகத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். கவுன்ட்டரில் ரீசார்ஜுக்கு ஆறு பேர் நின்றார்கள். நான் அவசரத்தில் போனின் கேமராவையே திறந்து காட்டிவிட்டேன். "சேர்க்கவா?" என்று போன் கேட்டது. அமுக்கினேன்.

மாதுவின் பட்டன் போனில் சிக்னல் போனது. வாட்ச் வாயே திறக்கவில்லை. என் போனில் மட்டும் இரண்டு நம்பர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. ஒன்று என்னுடையது, இன்னொன்று மாதுவுடையது.

அந்தக் கோடு ஒரு தடவைதான் செல்லும். திரும்பச் சாதா சிம் ஆக்க விரல்ரேகை வைக்க வேண்டும். மாது பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். மிஷினில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. மரப்பட்டை உரசி உரசி ரேகை தேய்ந்துபோயிருந்தது.

"ஒரு வாரம் மரம் ஏறாம இருந்தா ரேகை தெளிஞ்சிருமுங்க மாது."

"மிளகு சீசன்லயாங்க்கா?" என்று சிரித்தார்.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அவருக்கு வரும் போனை நான் எடுப்பது. எந்த எஸ்டேட்டில் வேலை என்று அவர் தினம் காலையில் கடையில் சொல்லிவிட்டுப் போவது. அவர் போன் அடித்தால் அவருக்கு எப்படியும் கேட்காது, எனக்காவது கேட்கும்.

3. வெல்லம்

இதை மாது வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். மறுநாள் காலை அவருடைய நம்பருக்கு போன் வந்தது.

"ஏனுங்க, வரும்போது அரைக்கிலோ வெல்லம் வாங்கியாங்க."

"சரிங்க" என்றேன்.

"யாரு நீ?"

மாதுவின் மனைவி ராஜம்மா.

"நான் செல்போன் கடை வசந்தாங்க."

"எங்க ஊட்டுக்காரரு போன் உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு?"

"போன் அவருகிட்டதாங்க இருக்குது. நம்பர் மட்டும் எங்கிட்ட இருக்குது."

"அப்ப ஆளு யாருகிட்டங்க இருக்காரு?"

விளக்கிச் சொல்ல இருபது நிமிடம் ஆனது. அன்று நான்கு பேர் ரீசார்ஜ் செய்யாமலே திரும்பிப் போனார்கள்.

4. மூன்று மாது

மூன்றாம் நாள் மதியம் ராஜம்மா மறுபடி கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, புள்ளைக்கு வலி கண்டிருச்சுங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. ஒண்டிக்கடை வழியாத்தான் எறங்கும். அவரு எங்கங்க?"

மாது அன்று வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருந்தார். ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். என் ஒரு அமுக்கால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று வழியெல்லாம் பயம்.

எஸ்டேட்டில் மரத்துக்கு மரம் மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. ஆள் ஒருவரும் கண்ணில் படவில்லை. எல்லோரும் மிளகுக்கொடிக்குள் மறைந்திருந்தார்கள்.

"மாதூ!" என்று கத்தினேன்.

மூன்று மரத்திலிருந்து "என்னுங்க?" என்று பதில் வந்தது. சேலம் ஜில்லாவில் மாது என்று கூப்பிட்டால் வேறென்ன நடக்கும்?

"தலைச்சோலை மாதூ!"

இப்போதும் இரண்டு பேர்.

"பொண்ணுக்கு வலி கண்டிருச்சுங்க!"

ஒரு ஏணி மட்டும் தடதடவென்று ஆடியது. இடுப்பில் கட்டிய பையோடு மாது ஸ்கூட்டியில் தாவி ஏறினார். பையை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை, ரோடெல்லாம் பச்சை மிளகு சிந்திக்கொண்டே வந்தோம். ஒண்டிக்கடையில் நாங்கள் நின்று மூச்சு வாங்கும்போது ஆம்புலன்ஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் வரை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஆறு மணிக்கு மாதுவின் நம்பர் அடித்தது. ராஜம்மாதான்.

"பொட்டப்புள்ளைங்க்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நொம்ப ரத்தம் போயிருச்சுங்க. இவரு கூடவே வந்ததாலதான் சமாளிச்சோம்னு டாக்டர் சொன்னாங்க."

கஸ்டமர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன்.

5. முயல் படம் போட்ட வார்

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த மாது விரலை வைத்தார். முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்தது. அவர் நம்பர் அவர் போனுக்குத் திரும்பியது.

மருமகனின் வாட்சை விற்றுவிட்டு, சாதா சிம் போடுகிற வாட்ச் ஒன்று வரவழைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டுவது. ராஜம்மா பெயரில் புது சிம், மலிவான பிளான். போனை எடுக்காவிட்டால் கால் தானாக வாட்சுக்குப் போகும்படி செட்டிங் வைத்தேன். ஊதா நிறத்தில் முயல் படம் போட்ட வார்தான் கிடைத்தது. மாது அதைக் கட்டிக்கொண்டுதான் இப்போது மரம் ஏறுகிறார்.

பிள்ளைகளே, கஸ்டமர் கையில் கொண்டுவரும் பொருளைப் பார்த்ததும் வேலையை ஆரம்பிக்காதீர்கள். எதற்கு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நானும் கேட்டேன்தான். ஆனால் பதிலை மறந்துவிட்டு வாட்சோடு மல்லுக்கு நின்றேன். இந்த வாட்சில் இது முடியாது என்று அன்றே சொல்லியிருந்தால், முடிகிற வாட்ச் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

செட்டிங்கை எல்லாம் காட்டி முடித்ததும் ராஜம்மா கேட்டாள்.

"வாட்சையும் எடுக்கலைன்னா கால் எங்கங்க போகும்?"

"என் போனுக்கு வருமுங்க. அப்படித்தான் வெச்சிருக்கேன்."

"அப்பறம் நீங்க போய்க் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடுவேனுங்க."

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நடுவுல அந்த வாட்ச் எதுக்குங்க்கா?"